திங்கட்கிழமைப் பொட்டலம்

மாயக்காளுக்கு முதலில் மடங்க மறுத்தவை கைவிரல்கள்தான். எழுபத்தெட்டாம் வருசம், ஆடி கழிந்து மலையில் ஏலக்காய் எடுப்பு தொடங்கியிருந்த நேரம். விடியக்காலையில் எழுந்து கூந்தலை அள்ளி முடியப் போனவளுக்கு முடி கைக்குள் நிற்கவில்லை. விரல்கள் வீங்கி, கணுவுக்குக் கணு சூடேறி, மடக்கினால் பாதியில் நின்றன. வெந்நீரில் கையை முக்கிக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். வெயில் முற்றத்துக்கு வந்த பிறகுதான் கொஞ்சம் இளகிக் கொடுத்தது. குளிர்காற்று பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்து மணிக்கட்டு. அப்புறம் முழங்கால், பாதத்தின் முன்பக்கம். தரையில் காலை ஊன்றினால் சரளைக்கல்லில் நிற்கிற மாதிரி இருந்தது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். அவளுக்குப் பிடிபடாமல் போனது அசதி. நன்றாகத் தூங்கி எழுந்தாலும், நாள் முழுக்கச் சேற்றில் நாற்று நட்டு வந்தவளைப் போல உடம்பு கிடந்தது. சோம்பேறி என்று யாரும் சொல்லிக் கேட்டிராதவள் அவள். அதனால் இதை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

அவளுக்கு ஊர் சிலமலை. புருசன் சோலைமலை அடுத்தவர் காட்டில் ஏர் ஓட்டுகிறவன். ஒரே மகள் பொன்னுமணியைப் பக்கத்தில் ராசிங்காபுரத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. காய் எடுப்புக் காலம் வந்துவிட்டால் மாயக்காள் திங்கட்கிழமை விடியலில் போடிக்கு வந்து, ஜீப்பில் பத்துப் பதினைந்து பொம்பளைகளோடு நெருக்கியடித்து ஏறி மலைக்குப் போவாள். சனிக்கிழமை சாயந்தரம்தான் இறங்குவாள். இடையில் உள்ள நாட்களில் அவளுக்கு இருப்பிடம் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், சந்திரவல்லியின் அறை.

சந்திரவல்லி அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அவளைப் பெற்றவர்கள் தேவாரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவள் புருசன் சுருளி, காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன். சின்னப் பிள்ளைகள் இரண்டு. மாயக்காளைவிட ஏழெட்டு வயது இளையவள் என்றாலும் இரண்டு பேரும் பல வருசமாக ஒரே வரிசையில் ஜோடி. ஏலச்செடியில் காய் மேலே காய்க்காது. தூரை ஒட்டித் தரையில் படர்ந்து கிடக்கிற சரத்தில்தான் காய்க்கும். சரிவில் குந்தி உட்கார்ந்து, இலைச் சருகை விலக்கி, பிஞ்சை விட்டுவிட்டுப் பழுத்ததை மட்டும் நுனிவிரலால் கிள்ளி எடுக்க வேண்டும். எழுந்து அடுத்த தூர், மறுபடியும் குந்தல். மழையும் அட்டையும் கூடவே வரும். அந்த வேலையில் மாயக்காளின் கைவேகத்துக்கு ஈடாக மலையில் ஆள் இல்லை என்று கங்காணி சீனிச்சாமியே சொல்லுவார்.

அந்த வருசம் அவள் கூடை நிறையவில்லை. கிள்ளப் போன விரல் காயோடு பிஞ்சையும் சேர்த்துப் பிய்த்தது. குந்தினால் எழ முடியவில்லை. சந்திரவல்லி ஒன்றும் கேட்காமல், எடை போடுகிற இடத்துக்குப் போகும் முன்னால் தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி மாயக்காளின் கூடையில் போட ஆரம்பித்தாள். இது பல நாள் நடந்தது. மாயக்காள் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

பால்சாமியைப் பற்றிச் சொன்னது ஜீப்பில் வந்த ஒருத்திதான். போடியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருக்கு ஓர் அறை இருந்தது. எங்கோ ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர். இப்போது சனமே அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டது. சனிக்கிழமை சாயந்தரங்களில் மலையிலிருந்து இறங்குகிறவர்களின் கூட்டம் சந்து வரைக்கும் நிற்கும். மாயக்காள் கையை நீட்டிக் காட்டினாள். அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒரு டப்பாவிலிருந்து சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகளைக் காகிதத்தில் கொட்டி மடித்தார்.

“காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. சோறு தின்னுட்டுப் போடு. மூணாம் நாளு நீயே எனக்கு வந்து சொல்லுவ.”

மூன்று நாள்கூட ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் லயத்தில் கண் விழித்தவள், கையை மூடித் திறந்து பார்த்தாள். மறுபடியும் மூடினாள். வீக்கம் வற்றியிருந்தது. எழுந்து வெளியே வந்து, வாசலில் கிடந்த விறகுக்கட்டையைக் காரணமில்லாமல் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். பசி எடுத்தது. சந்திரவல்லி போட்ட கஞ்சியைக் குடித்துவிட்டு இன்னும் கேட்டாள். அன்று சரிவில் ஏறும்போது கால்கள் தன்னுடையவையா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. வலி போனதைவிட அசதி போனதுதான் அவளை அழவைத்தது. மரத்துக்குப் பின்னால் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தாள். சாயந்தரம் அவள் கூடைதான் முதலில் நிறைந்தது.

அதற்குப் பிறகு வந்த வருசங்களை மாயக்காள் தன் வாழ்க்கையின் நல்ல காலம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். கன்னம் புடைத்து முகம் பளபளத்தது. கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்ட என்று சோலைமலை கேலி செய்தான். சீனிச்சாமி அவளை முன்வரிசைக்கு வைத்து, அவள் வேகத்துக்கு மற்றவர்களை ஓட வைத்தார். மாத்திரை தீர்ந்தால் மட்டும் ஒரே நாளில் கை பழையபடி இறுகும். அதனால் தீர விடுவதில்லை.

சந்திரவல்லிக்கு மூட்டில் நோய் எதுவும் கிடையாது. மூன்றாவதாகத் தரித்த பிள்ளை ஏழாம் மாதத்தில் செத்துப் பிறந்தது. அதற்குப் பிறகு அவள் தேறவே இல்லை. சோகை பிடித்து, வெளுத்துப்போய், சரிவில் பாதி தூரம் ஏறியதும் மூச்சு வாங்கி நின்றுவிடுவாள். இப்போது மாயக்காள் தன் கூடையிலிருந்து அவளுக்கு அள்ளிப்போட்டாள். ஒரு நாள் காலையில் சந்திரவல்லி பாயில் உட்கார்ந்துகொண்டு, எழ மனசில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாயக்காள் இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

“இதப் போட்டுப் பாருத்தா. எனக்கு எப்படிக் கேட்டுச்சுன்னு நீயே பாத்தேல்ல.”

சந்திரவல்லிக்கும் கேட்டது. இரண்டாம் நாள் அவள் பாட்டுக்குச் சிரித்துப் பேசிக்கொண்டு சரிவில் ஏறினாள். அதைப் பார்த்து அடுத்த அறைக்காரி கேட்டாள். அப்புறம் அதற்கடுத்த அறைக்காரி. லயத்தில் இருப்பவர்களுக்கு நினைத்தபடி போடிக்கு இறங்க முடியாது. மாயக்காள்தான் வாரா வாரம் போய் வருகிறவள். பால்சாமியும் அவளைக் கண்டால் வரிசையைத் தாண்டி உள்ளே கூப்பிட்டு, ஆளுக்கொரு பொட்டலமாக மடித்துக் கொடுத்துவிடுவார். எடுப்பு இல்லாத மாதங்களிலும் பொட்டலத்துக்காகவே அவள் ஒரு நடை ஏறி இறங்குவாள். திங்கட்கிழமை அவள் ஜீப்பிலிருந்து இறங்கும்போது, தூக்குவாளியை வாங்குகிற சாக்கில் பொம்பளைகள் கூடி நிற்பார்கள். சந்தையிலிருந்து வெற்றிலை கொண்டுவந்து கொடுப்பதற்கும் இதற்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தன்னால் நாலு பேர் நிமிர்ந்து நடக்கிறார்கள் என்று உள்ளுக்குள் ஒரு நிறைவுகூட இருந்தது.

எண்பத்தொன்றாம் வருசவாக்கில் அவள் உடம்பு வேறு மாதிரி மாற ஆரம்பித்தது. முகமும் வயிறும் பெருத்தன; கைகால்கள் சூம்பின. பிடரியில் சதை திரண்டது. செடி உரசினாலே தோலில் ரத்தம் கன்றி, நீலமாக நாள்கணக்கில் நின்றது. குந்தி உட்கார்ந்தால் தொடையில் எழும்புவதற்குத் திராணி இல்லை. வலி கிடையாது, சதையில் பலம்தான் கிடையாது. ஏலத்தட்டையைப் பிடித்து இழுத்து எழுந்தாள், தட்டை முறிந்தது, சீனிச்சாமி ஏசினார். பழைய அசதியும் திரும்பி வந்தது. பால்சாமியிடம் சொன்னாள். காலையில் இரண்டாகப் போடு என்றார். போட்டாள். சில மாதம் ஓடியது.

சந்திரவல்லியின் முகமும் உருண்டையாகிவிட்டிருந்தது. லயத்தில் பாதிப் பேருக்கு ஒரே குடும்பத்துச் சாயல் வந்துவிட்டது என்று ஸ்டோரில் பேசிச் சிரித்தார்கள்.

எண்பத்திரண்டு ஐப்பசியில் பொன்னுமணிக்குத் தலைப்பிரசவம். மாயக்காள் அந்தத் திங்கட்கிழமை மலைக்குப் போகாமல் ராசிங்காபுரத்தில் மகளோடு இருந்தாள். லயத்துக்காரர்களுக்குப் பொட்டலம் போகாதே என்று நினைப்பு வந்தது. ஒரு வாரம்தானே என்று விட்டுவிட்டாள். தன்னுடையதை மறக்காமல் கொண்டுவந்திருந்தாள். பேரன் பிறந்தான். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்ததில் மலைப்பாதையில் மண் சரிந்து, போடிமெட்டுக்கு ஜீப்பு பஸ்சு எதுவும் போகவில்லை. இரண்டாவது திங்கட்கிழமையும் போயிற்று.

பாதையில் மண்ணை ஒதுக்கிக்கொண்டிருந்த நாட்களில்தான் சோலைமலை சைக்கிளில் ராசிங்காபுரத்துக்கு வந்தான். அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு பொம்பளையைக் கம்பில் போர்வை கட்டி, குறுக்குத்தடம் வழியாக அடிவாரத்து முந்தலுக்கு இறக்கி, போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். உன் ஜோடிக்காரி என்று சொன்னார்கள் என்றான். மாயக்காள் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

சந்திரவல்லியைக் கட்டிலில் பார்த்தபோது அவளுக்கு உயிர் இருந்தது. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. உருண்டை முகம் அப்படியேதான் இருந்தது. உதடு மட்டும் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு வாரமாக எது குடித்தாலும் வாந்தி, எழுந்து நின்றால் மயக்கம், கடைசியில் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது என்று சுருளி சொன்னான். அவன் கால்களில் அட்டை கடித்த ரத்தம் உறைந்திருந்தது. மாயக்காளின் குரல் கேட்டு அவள் கண்ணைத் திறந்தாள்.

“பனிக்குதுக்கா,” என்றாள்.

மலையில் காய்ச்சலுக்கு மலையாளத்துக்காரர்களைப் போலப் பனி என்றுதான் சொல்வாள்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. நாடி இவ்வளவு மெலிந்து போவதற்குக் காரணம் பிடிபடாமல் திரும்பத் திரும்ப வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு முன்னால் ஏதாவது மருந்து மாத்திரை சாப்பிட்டாளா என்று சுருளியிடம் மறுபடியும் கேட்டாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, தலைவலிக்குக்கூட ஒண்ணும் போடமாட்டா என்றான். டாக்டரம்மாவின் பார்வை சந்திரவல்லியின் முகத்திலிருந்து நகர்ந்து, பக்கத்தில் நின்ற மாயக்காளின் முகத்தில் வந்து நின்றது. அதே கன்னம், அதே பளபளப்பு.

“நீங்க இவங்களுக்கு உடன்பிறப்பா?”

இல்லை என்றாள் மாயக்காள். இடுப்பில் பொட்டலம் இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று தெரிந்தும் கை போக மறுத்தது. எடுத்தால் சுருளி சொன்னது பொய்யாகும், பால்சாமி மாட்டுவார், தானும் மாட்டுவோம். இதெல்லாம் ஒரு மூச்சு நேரத்துக்குள் அவள் மனசில் ஓடின. பிறகு எடுத்து நீட்டினாள்.

“இதத்தான் மூணு வருசமா போடுறா. நான்தான் கொண்டுபோய்க் குடுப்பேன். ரெண்டு வாரமாக் குடுக்கல.”

டாக்டரம்மா மாத்திரையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நர்ஸைக் கூப்பிட்டு ஓடவிட்டாள். அதே இனத்து மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். நாடி கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருந்தது. ஆனால் நிலைக்கவில்லை. வெயில் சாயும் முன்னால் சந்திரவல்லி போய்ச் சேர்ந்தாள். சுருளி கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தான். பிள்ளைகளை மலையில் அடுத்த அறைக்காரியிடம் விட்டுவிட்டு வந்திருந்தான்.

டாக்டரம்மா மாயக்காளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தவளுக்கு அவள் நிதானமாகப் பேசியது இன்னும் பயத்தைக் கொடுத்தது. கைகால் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, உங்களுக்கு இருப்பது முடக்குவாதம், அதற்கு இந்த மருந்தை அளவோடு, ஒரு டாக்டர் பார்வையில் கொடுப்பது உண்டு என்றாள். இதே மாதிரி ஒரு சத்து உடம்புக்குள்ளேயே ஊறுகிறது. வெளியிலிருந்து வருசக்கணக்கில் ஊற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே ஊறுவது நின்றுபோகும். திடீரென்று நிறுத்தினால் இரண்டும் இல்லாமல் உடம்பு படுத்துவிடும். அதுதான் உங்கள் ஜோடிக்காரிக்கு நடந்தது என்றாள். சந்திரவல்லிக்கு இந்த மருந்துக்கான நோயே இல்லை என்பதை டாக்டரம்மா தானாகச் சொல்லவில்லை. மாயக்காள்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

“அப்ப நானு?”

“நீங்களும் நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். தொடைச் சதையெல்லாம் இதுதான் கரைச்சிருக்கு. குறைக்கக் குறைக்க வலி திரும்பி வரும். அசதி இதைவிட அதிகமா வரும். மதுரைக்கு எழுதித் தர்றேன், அங்க போய்க் காட்டுங்க.”

மலையில் இன்னும் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று அவள் கேட்டபோதுதான் மாயக்காள் நாட்களை எண்ணிப் பார்த்தாள். பாதை அடைத்து இரண்டு வாரம். எல்லாப் பொட்டலமும் தீர்ந்திருக்கும்.

பாதை திறந்த அன்றே, முதலில் கிளம்பிய ஜீப்பில் அவள் ஏறினாள். லயத்தில் நாலைந்து பேர் படுக்கையாகக் கிடந்தார்கள். மற்றவர்கள் எப்படியோ தாக்குப்பிடித்திருந்தார்கள். எல்லாரும் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கொண்டுவந்தியா என்ற கேள்விதான் இருந்தது. கொண்டுவந்திருந்தாள்; படுத்துக் கிடந்தவர்களுக்கு முதலில் கொடுத்தாள்.

சந்திரவல்லியை எரித்துவிட்டுத் திரும்பியிருந்த சுருளி ஸ்டோரில் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மாயக்காள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் உயிர் போனதற்கு நான்தான் காரணம் என்று சொல்லத்தான் வந்தாள். டாக்டரம்மா சொன்னதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே விறகைத் தள்ளினான்.

“பொட்டலத்துல கடைசில கொஞ்சம் இருந்துச்சுக்கா,” என்றான். “ஸ்டோரு நெறைய பச்சைக்காய். மழைக்கு விறகெல்லாம் ஈரம். ரெண்டு பேரு வேலைய நான் ஒருத்தனாப் பாத்தேன். நீங்க போடுங்க, எனக்கு இப்ப ஒண்ணுமில்லன்னு குடுத்தா. வாங்கி முழுங்குனேன். அவ வாந்தியெடுக்குறதப் பாத்துக்கிட்டேதான் முழுங்குனேன்.”

அவனும் சாப்பிடுகிறான் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. சந்திரவல்லி கேட்டு வாங்கிய கூடுதல் பொட்டலம் யாருக்கு என்று அவள் ஒருநாளும் விசாரித்ததில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர்கள் எடுக்கவில்லை.

மாயக்காள் செய்ததெல்லாம் மறுபடியும் பால்சாமியிடம் போனதுதான். திடீரென்று நிறுத்தினால் மற்றவர்களும் படுத்துவிடுவார்கள்; வேறு வழி இருக்கவில்லை. லயத்துக்காரர்கள் எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னாள் டாக்டரம்மா. கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள். இரண்டு பேர் வந்தார்கள். மற்றவர்களுக்கு எப்படிக் குறைப்பது என்று மாயக்காளுக்கே சொல்லிக்கொடுத்து, யாருக்காவது வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே இறக்கிக் கொண்டுவாருங்கள் என்றாள். திங்கட்கிழமைப் பொட்டலம் தொடர்ந்து போயிற்று. வித்தியாசம் இதுதான்: ஒன்று இருந்த இடத்தில் முக்கால், அப்புறம் பாதி. அரிவாள்மனையின் நுனியில் வைத்து அவளே நறுக்கினாள். முடங்கின விரலில் மாத்திரை வழுக்கி ஓடும். தேடி எடுத்து மறுபடியும் நறுக்குவாள்.

அவளுக்கே அந்த மாதங்கள் நரகமாக இருந்தன. மதுரைக்கு ரயிலில் போய்வந்தாள். அங்கே கொடுத்த ஆஸ்பிரினில் காதுக்குள் வண்டு இரைச்சல் கேட்டது. மலேரியாவுக்குக் கொடுக்கிற மாத்திரையும் கொடுத்து, இது வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். வெள்ளை மாத்திரை குறையக் குறைய, அது அமுக்கி வைத்திருந்த நோய் ஒவ்வொரு மூட்டாகத் தலைதூக்கியது. ஆனாலும் அவள் பயந்தது வலிக்கு அல்ல. சோற்றுத் தட்டைத் தூக்கிக் கழுவி வைக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிற அசதிக்கு. வீக்கம் கொஞ்சம் வற்றினதும் சோலைமலை, இப்ப வலிதான் இல்லையே, எந்திரிச்சு ஒரு சோலியப் பாத்தா என்ன என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. இல்லாத வலிக்கும் இருக்கிற அசதிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று விளக்கிச் சொல்ல அவளுக்கும் தெரியவில்லை.

சரிவு வேலை அவளால் ஆகாது என்று சீனிச்சாமி ஸ்டோருக்கு மாற்றினார். உலர்ந்த காயில் காம்பும் சருகும் பொறுக்குகிற வேலை. உட்கார்ந்தே செய்யலாம். கூலி குறைவு. அதற்கும் தகுதியில்லாமல் பாதி நேரம் சாக்கில் சாய்ந்துகொள்வாள்.

லயத்தில் நடந்தது அவள் எதிர்பார்த்த மாதிரி இல்லை. குறைக்க ஒத்துக்கொண்டவர்கள் சரிவில் பின்தங்கினார்கள். கூடை நிறையவில்லை. அவர்களை அடுத்த எடுப்புக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். அதைப் பார்த்த மற்றவர்கள் பாதி மாத்திரையை அவள் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்தார்கள். ஒருத்தி, உன் ஒடம்பு ஆகலேன்னு எங்களையும் படுக்கவைக்கப் பாக்குறியா என்று கேட்டாள். அவர்களே ஜீப்புக்காரனிடம் சொல்லிவிட்டு வரவழைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். டாக்டரம்மா மேலே எழுதிப் போட்டதில் யாரோ வந்து பால்சாமியின் அறையைப் பூட்டினார்கள். கொஞ்ச நாளில் அவர் அடுத்த தெருவில் உட்கார்ந்துவிட்டார். சனிக்கிழமைக் கூட்டம் அங்கே இடம் மாறியது.

கடைசிவரை அவள் நறுக்கிக் கொடுத்ததை மறுபேச்சில்லாமல் வாங்கிப் போட்டவன் சுருளி ஒருவன்தான். வருசம் திரும்பும்போது அவனுக்கு முழுதாக நின்றுவிட்டது. ஆனால் ஆள் பாதியாகியிருந்தான். மூட்டையைத் தூக்கி இரண்டடி வைத்தால் சுவரில் சாய்வான். பிள்ளைகளுக்குச் சோறு ஆக்குவது, குளிப்பாட்டுவது எல்லாம் அவன்தான். அடுப்பு முன்னாலேயே உட்கார்ந்து தூங்கி, ஒருமுறை காய் கருகிப்போனது. சீனிச்சாமி, அடுத்த தடவை நான் பொறுக்கமாட்டேன் என்றார். உடம்பு மெள்ள மெள்ளத் தேறும், டாக்டரம்மா சொல்லியிருக்கு என்று மாயக்காள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் தலையை ஆட்டுவான்.

எண்பத்துநாலு கார்த்திகையில், எடுப்பு உச்சத்தில் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து அவள் கிளம்பும்போது அவன் கூடவே ஜீப்பு வரைக்கும் வந்தான்.

“அக்கா, இந்த எடுப்பு முடியிற வரைக்கும் மட்டும்,” என்றான். “அப்புறம் நீங்க சொன்னபடி விட்டுர்றேன். ஒரு பொட்டலம் வாங்கிக் கொண்டாங்க.”

முடியாது என்றாள். சந்திரவல்லியின் பேரைச் சொன்னாள். பிள்ளைகளைச் சொன்னாள். பிள்ளைகளுக்காகத்தான் கேட்கிறேன் என்றான். ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் கொண்டுவரமாட்டேன் தம்பி, என் கையால அது நடக்காது என்றாள். அவன் கோபப்படவில்லை. சரிக்கா என்று சொல்லிவிட்டு, அவள் ஏறுவதற்குக் கையைக் கொடுத்து இடுப்பைத் தாங்கி ஏற்றிவிட்டான்.

அடுத்த வாரம் அவளுக்கு முழங்காலில் நீர்கோத்து மலைக்குப் போக முடியவில்லை. அதற்கடுத்த வாரம் போனாள். ஜீப்பிலிருந்து இறங்கி ஸ்டோருக்கு நடந்துபோகையில், எதிரே ஒருவன் தோளில் காய் மூட்டையோடு ஓட்டமும் நடையுமாக மேட்டில் ஏறுவதைப் பார்த்தாள். சுருளிதான். மூட்டையை இறக்கிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. கண் பளிச்சென்று இருந்தது. வாங்கக்கா, சாப்பிட்டீகளா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அறைக்குள் போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தான். பிள்ளைகள் இரண்டும் தலை சீவிப் பொட்டு வைத்துச் சுத்தமாக இருந்தன. சின்னவளை ஒரு கையால் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, விறகு இந்த வாரம் நல்ல காய்ஞ்சது, ரெண்டு நடை கூட அடிச்சேன் என்று அவன் பேசிக்கொண்டே போனான்.

மாயக்காளுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. யாரிடம் வாங்கினாய், எத்தனை போடுகிறாய், நடுவில் நிறுத்திவிடாதே, தீரும் முன்னால் என்னிடம் சொல். ஒவ்வொன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் மூச்சு வேண்டும். ஜீப்பிலிருந்து அந்த இடம் வரை நடந்ததிலேயே அவளுக்கு எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. சாக்கின்மேல் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். விரல்கள் சேராததால் சோற்றை உள்ளங்கையால் அணைத்து எடுத்து வாயில் வைத்தாள். சுருளி இன்னொரு மூட்டைக்கு ஓடினான்.